மே மாதத்தில் ஓடாத ஆலை

உங்கள் வீட்டு மிக்ஸியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை எப்போதாவது படித்திருக்கிறீர்களா? 500 வாட் அல்லது 750 வாட் என்று போட்டிருக்கும். ஒரு மலைக்கிராமம் முழுவதற்கும் தலைமுறை தலைமுறையாக மாவு அரைத்துக் கொடுத்த ஓர் ஆலையின் மொத்தப் பலமும் அவ்வளவுதான் என்றால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

என் ஹாஸ்டல் அறைத்தோழன் உத்தராகண்ட் மாநிலத்தின் கட்வால் மலைப்பகுதியைச் சேர்ந்தவன். (நம் வகுப்பில் எல்லோருக்கும் அவனைத் தெரியும், அதனால் பெயர் வேண்டாம்.) போன அக்டோபரில் அவன் ஊருக்குப் போயிருந்தேன். அவன் பெரியப்பாவுக்குச் சொந்தமாக, தண்ணீரில் ஓடும் மாவு மில் ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்றால் கட்டடம் நிற்கிறது. ஓடி ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அதை மறுபடி ஓட வைக்கலாம் என்று குடும்பத்தில் பேச்சு. கையில் இரண்டு லட்ச ரூபாய். இன்ஜினியரிங் படிக்கும் இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள், திட்டம் போட்டுத் தரட்டும் என்று எங்கள் தலையில் கட்டினார்கள்.

அந்தத் திட்டத்தை நான் எப்படித் தப்பாகப் போட்டேன், அதிலிருந்து என்ன புரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. பழைய ஆலையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் எல்லோரும் கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது தப்பு. முதலில் தண்ணீர், அப்புறம் ஆள், கடைசியில்தான் கட்டடம். இதுதான் என் கட்சி.

சரி, முதலில் அந்த ஆலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் ஆலை என்றதும் நம் கண்ணில் வருவது கட்டடத்தின் பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும் பெரிய மரச்சக்கரம். காலண்டர் படம். இமயமலையில் இருப்பது அது இல்லை. அங்கே சக்கரம் படுத்த வாக்கில் இருக்கும், தரைக்கு அடியில், வெளியே தெரியாமல். கட்வாலிலும் குமாவுனிலும் இமாச்சலிலும் இதன் பெயர் கராட். நேபாளத்தில் கட்டா.

மேலே மலையோடையிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் பிரிந்து வருகிறது. ஆலைக்கு மேலே வந்ததும், குடைந்த மரத்தாலான சரிவான தூம்பு வழியாக அது பாய்ந்து இறங்கி, கீழே படுத்திருக்கும் சக்கரத்தின் மரத்தகடுகளை அடிக்கிறது. சக்கரம் சுற்றுகிறது. அதன் அச்சு நேராக மேலே போய், கீழ்க்கல்லின் நடுத்துளை வழியாக நுழைந்து மேல்கல்லைச் சுற்றுகிறது. பல்சக்கரம் கிடையாது, பெல்ட் கிடையாது. நம் பாட்டி வீட்டுத் திருகை இருக்கிறதே, அதேதான். கைப்பிடிக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான் வித்தியாசம்.

தானியக் கூடை மேலே தொங்கும். அதிலிருந்து ஒரு குச்சி மேல்கல்லின் முதுகில் உரசிக்கொண்டிருக்கும். கல் சுற்றச் சுற்றக் குச்சி குதிக்கும், குச்சி குதிக்கக் குதிக்கத் தானியம் சிந்தும். கல் வேகமாகச் சுற்றினால் தானியம் அதிகமாக விழும், மெதுவானால் குறைவாக விழும். தானியங்கிக் கட்டுப்பாடு என்று நாம் ஒரு செமஸ்டர் முழுக்கப் படித்த விஷயத்தை ஒரு குச்சியை வைத்து முடித்துவிட்டார்கள்! மாவு நைசாக வேண்டுமா, ரவையாக வேண்டுமா என்பதற்கு ஒரு நெம்புகோல். அதை ஏற்றி இறக்கினால் இரண்டு கல்லுக்கும் நடுவே இடைவெளி கூடும், குறையும்.

இப்படிப்பட்ட ஆலைகள் இந்திய இமயமலைப் பகுதியில் ஒரு காலத்தில் சுமார் 2 லட்சம் இருந்ததாக ஒரு மதிப்பீடு அடிக்கடி சொல்லப்படுகிறது. அதில் ஒன்றின் முன்னால்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். பலகைக்கல் கூரையில் ஓட்டை. சக்கரத்தில் பாதித் தகடுகள் உளுத்துப்போய்விட்டன. கற்கள் மட்டும் கல்லாகவே இருந்தன.

குடும்பக் கூட்டம் நடந்தது. ஆளுக்கு ஒரு திட்டம்.

நண்பனின் அண்ணன் முறை ஒருவர் சுற்றுலாத் துறையில் வேலை பார்க்கிறார். பக்கத்தில் ஹோம்ஸ்டே கட்டலாம், ஆனால் சக்கரம் தரைக்கடியில் இருந்தால் யாருக்கும் தெரியாதே, வெளியே பெரிதாக ஒரு நிமிர்ந்த சக்கரம் வைப்போம், ஆட்கள் செல்ஃபி எடுப்பார்கள் என்றார். அது எதையும் அரைக்காதே என்று கேட்டதற்கு, சுற்றினால் போதும் என்றார்.

நண்பனின் அப்பாவுக்குக் கூரைதான் கவலை. கூரையையும் சுவரையும் முதலில் சரிசெய்து கட்டடத்தைக் காப்பாற்றுவோம், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்றார்.

என் திட்டம் மூன்றாவது. பழைய மரச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கிண்ண வடிவத் தகடுகள் கொண்ட இரும்புச் சக்கரமும் பால் பேரிங்கும் போடுவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. டேராடூனில் அனில் பிரகாஷ் ஜோஷி (2006இல் பத்மஸ்ரீ, 2020இல் பத்மபூஷண்) தொடங்கிய ஹெஸ்கோ அமைப்பு பல வருடங்களாக இதைத்தான் செய்துவருகிறது. நேபாளத்தில் கிராமியத் தொழில்நுட்ப மையம் இதே மாதிரி ஆயிரக்கணக்கான கட்டாக்களை மேம்படுத்தி 2007இல் ஆஷ்டன் விருது வாங்கியது. அங்கே மணிக்குப் பத்து இருபது கிலோ அரைத்துக்கொண்டிருந்த கல், சக்கரத்தை மாற்றியதும் அதைப்போல் இரண்டு மடங்கு அரைத்தது. காப்பியடிக்க இதைவிட நல்ல விடைத்தாள் கிடைக்குமா?

தண்ணீரையும் அளந்தேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் தூங்கியவர்களுக்காக: வாய்க்காலில் பத்து மீட்டர் நேரான இடத்தைத் தேர்ந்தெடுத்து, இலையைப் போட்டு, கடக்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டரை நொடி ஆனது. மேல்மட்டத்துத் தண்ணீர் கொஞ்சம் வேகமாக ஓடும் என்பதால் 0.8 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். வாய்க்கால் 40 செண்டிமீட்டர் அகலம், தண்ணீர் 20 செண்டிமீட்டர் ஆழம். நொடிக்குச் சுமார் 50 லிட்டர் வந்தது. விழும் உயரம் 4 மீட்டர். 50 × 9.81 × 4 = 1962 வாட். மரச்சக்கரத்தில் அதில் கால்வாசி தேறினால் பெரிது. சுமார் 490 வாட். மிக்ஸிக் கணக்கு வந்துவிட்டதா? இரும்புச் சக்கரம் போட்டால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். லேப்டாப்பில் படம் வரைந்து, செலவுப் பட்டியல் போட்டு, பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

பெரியப்பா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பேட்டா, இது அழகா இருக்கு. ஜேட் மாசம் ஒரு தடவை வந்து அளந்துட்டுப் போ" என்றார்.

ஜேட் என்றால் அவர்கள் கணக்கில் மே, ஜூன். கொளுத்தும் வெயில் மாதம்.

செமஸ்டர் லீவில் மே கடைசியில் மறுபடி போனேன். அதே வாய்க்கால், அதே பத்து மீட்டர். தண்ணீர் ஆழம் 8 செண்டிமீட்டர். இலை கடக்க இருபது நொடி. கணக்குப் போட்டால் நொடிக்கு 13 லிட்டர். மரச்சக்கரத்தில் 127 வாட். மேல்கல்லை அசைக்கக்கூட அது போதாது. நான் வரைந்த இரும்புச் சக்கரத்தைப் போட்டாலும் 250ஐத் தாண்டாது. லேப்டாப்பைத் திறக்கவே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஆலை நின்ற கதையைப் பெரியப்பா முழுதாகச் சொன்னார். அது ஒரே நாளில் நிற்கவில்லையாம். முதலில் கோடையில் மட்டும் நின்றது. மேலே சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய மண்ணும் கல்லும் வாய்க்காலில் சரிந்தன. வயலுக்குத் தண்ணீர் வேண்டியவர்கள் ஓரளவு வாரிப் போட்டார்கள். மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கோடையில் வரும் கொஞ்சத் தண்ணீர் ஆலை வரை வந்து சேரவில்லை. அந்த இரண்டு மாதமும் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாலையோரத்துக் கரண்ட் மில்லுக்குப் போனார்கள். மழை வந்தது, தண்ணீர் வந்தது, ஆலையும் ஓடியது. ஆனால் கரண்ட் மில்லுக்குப் போய்ப் பழகியவர்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அடுத்த கோடையில் இன்னும் பாதிப்பேர். மூன்று வருடத்தில் கல் நின்றுவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்குப் பொறி தட்டியது. ஓர் ஆலை சாவது அதன் மோசமான மாதத்தில்தான். நல்ல மாதத்தில் எவ்வளவு அரைக்கும் என்பதை வைத்துத் திட்டம் போடுகிறவன் (அதாவது நான்) ஆலையைப் புதுப்பிக்கவில்லை, இன்னொரு தடவை சாகடிக்கத் தயார் பண்ணுகிறான்.

மறுநாள் வாய்க்காலின் தலைமாட்டுக்கு ஏறினோம். நானூறு மீட்டர் தூரம். அங்கே ஓடையிலிருந்து உள்ளே நுழையும் தண்ணீரை அளந்தால் நொடிக்கு 30 லிட்டர்! ஆலைக்கு வருவது 13. பாதிக்கு மேல் வழியிலேயே போகிறது. சாலை மண் சரிந்த இடத்தில் ஒரு பெரிய உடைப்பு, வேர் கிளப்பிவிட்ட இடத்தில் ஒன்று, நண்டு வளைகளால் ஓட்டையான கரை ஒன்று. நான் இரும்புச் சக்கரத்துக்குப் போட்ட செலவில் சிறு பங்குதான் இவற்றை அடைக்க ஆகும். கிடைக்கும் பலனோ கிட்டத்தட்டச் சமம். 30 லிட்டரும் வந்து சேர்ந்தால் பழைய மரச்சக்கரமே 290 வாட் தரும், புதுச் சக்கரமும் போட்டால் 590 வாட்.

அந்த ஊரில் வாய்க்காலுக்குப் பெயர் கூல். கூல் சரியாக இருந்தால்தான் ஆலை கூலாக ஓடும் என்று ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. விடுங்கள்.

அப்படியானால் நானூறு மீட்டருக்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டால் என்ன? ஒரு சொட்டு வீணாகாதே? அடுத்து இதைத்தான் சொன்னேன். இதற்கும் பதில் வாய்க்கால் ஓரத்திலேயே இருந்தது. நண்டு வளைக் கரைக்குக் கீழே ஒரு துண்டு நிலம், அந்த வெயிலிலும் பச்சையாக. ஒரு பாட்டி அதில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். கசிவு இழப்பு என்று நான் நோட்டில் எழுதியது அவருடைய இரண்டு மாடுகளின் தீனி. குழாய் போட்டால் ஆலை ஓடும், பாட்டியின் மாடு பட்டினி கிடக்கும். மறுநாளே யாராவது குழாயை ஓட்டை போடுவார்கள், அதில் நியாயமும் இருக்கும். பெரிய உடைப்புகளை மட்டும் அடைப்பது, அந்தக் கரையைத் தொடாமல் விடுவது என்று முடிவானது. கோடையில் 22 லிட்டர் வரை கொண்டுவரலாம் என்று என் கணக்கு.

ஓடையின் குறுக்கே நிரந்தரமாக கான்கிரீட் தடுப்பு கட்டும் யோசனையையும் பெரியப்பா ஒரே வார்த்தையில் மறுத்தார். இப்போது இருப்பது கல்லும் கிளையும் அடுக்கிய தடுப்பு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அடித்துக்கொண்டு போகும், ஒவ்வொரு வருடமும் மறுபடி அடுக்குவார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. உண்மையில் அது ஒரு ஃப்யூஸ். வெள்ளம் வரும்போது தடுப்பு போய்விடுவதால் வாய்க்காலுக்குள் வெள்ளம் நுழையாமல் ஓடையோடு போய்விடுகிறது. கெட்டியாகக் கட்டினால் வெள்ளம் வாய்க்கால் வழியாக நேராக ஆலைக்கே வந்துவிடும். 2013 ஜூனில் கேதார்நாத் பகுதியில் நடந்ததைப் பார்த்த மாநிலம் அது. கெட்டியாகக் கட்டியவை எல்லாம் என்ன ஆயின என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம் சட்டம். அந்தத் தண்ணீர் யாருடையது? வழக்கப்படி பார்த்தால் வாய்க்கால் வெட்டியவர்களுக்கும் வயல்காரர்களுக்கும் ஆலைக்காரருக்கும் முறைவைத்துப் பங்கு இருந்தது. ஆனால் 1975இல் வந்த குமாவுன், கட்வால் தண்ணீர்ச் சட்டம் அந்தப் பழைய வழக்க உரிமைகளை ரத்துசெய்து, தண்ணீரின் கட்டுப்பாட்டை அரசிடம் கொடுத்துவிட்டது. நாளைக்கே மேலே ஒரு குடிநீர்க் குழாய்த் திட்டமோ மின்திட்டமோ வந்து ஓடையைத் திருப்பினால் 'எங்கள் ஆலை இருக்கிறதே' என்று சொல்வதற்குக் குடும்பத்திடம் வலுவான பிடி கிடையாது. அதனால் புதுப்பிப்புத் திட்டத்தின் முதல் தாள் வரைபடமாக இருக்கக் கூடாது. கிராமசபையில் வயல்காரர்களோடு உட்கார்ந்து, யாருக்கு எந்த நேரம் தண்ணீர் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய தாளாக இருக்க வேண்டும். நம் ஊரில் குடிமராமத்து என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம் இல்லையா, அதுதான் அங்கேயும் தேவை.

தண்ணீர் ஆயிற்று. அடுத்தது ஆள்.

ஊரில் இப்போது ஆட்கள் குடியிருக்கும் வீடு 22. வீட்டுக்கு மாதம் 30 கிலோ மாவு என்றால் 660 கிலோ. கல் மணிக்குப் பத்துக் கிலோ அரைக்கும் என்றால் 66 மணி நேர வேலை. கூலி பணமாக இல்லை, மாவாக. அந்த ஊர் வழக்கம் பத்துக்கு ஒன்று. எல்லா வீடும் வந்தாலும் மாதம் 66 கிலோ மாவு. கிலோ நாற்பது ரூபாய் என்று வைத்தால் 2640 ரூபாய். இதில் வாய்க்கால் பராமரிப்பு, கல் கொத்துவது எல்லாம் அடக்கம்.

இந்தக் கணக்கை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாதம் 2640 ரூபாய்க்கு எந்த இளைஞன் டேராடூனை விட்டுவிட்டு மலையேறி வருவான்? என் அறைத்தோழன் வருவானா? அவனிடமே கேட்டேன். பதில் சொல்லவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு என்னோடுதான் அவனும் தயார் செய்கிறான்.

கல் கொத்துவது என்றேன், அதையும் சொல்ல வேண்டும். அரைத்து அரைத்துக் கல் மழுங்கிவிடும். உளியால் மறுபடி பொள்ளி விட வேண்டும். சின்ன வயதில் எங்கள் தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது வருவதில்லை. கிரைண்டர் வந்ததும் அம்மி மூலைக்குப் போனது, அம்மி போனதும் அந்த ஆள் வரும் தேவையும் போனது. அங்கேயும் அதே கதை. அந்த ஊரில் கல் கொத்தத் தெரிந்தவர் இன்று பெரியப்பா ஒருவர்தான். வயது 71. எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு, நடுவில் எவ்வளவு குழிவு என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது, எந்தக் காகிதத்திலும் இல்லை. கூரை இன்னும் பத்து வருடம் ஒழுகட்டும், அதை அப்புறமும் மாற்றலாம். இதற்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. அதனால் அந்த இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு அவருக்கே சம்பளமாகப் போக வேண்டும், ஊரில் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக. இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குப் போய்ச் சம்பளமா என்று. வெளியிலிருந்து வரும் ஆலோசகருக்கு என்றால் சிரிக்காமல் கொடுப்போம்.

மரச்சக்கரத்தை எடுத்துவிட்டு இரும்பு போட்டால் அது பழைய ஆலை ஆகுமா, பாரம்பரியம் என்ன ஆவது என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். 1877இல் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். 'புதுப்பிக்கிறேன்' என்று பழையதை இடித்துப் பளபளப்பாக்குவதை அது எதிர்த்தது. தினசரிப் பராமரிப்பு போதும் என்றது. பின்னாளில் காற்றாலைகளுக்கும் தண்ணீர் ஆலைகளுக்கும் என்றே அந்தச் சங்கத்தில் தனிப்பிரிவு வந்தது. எனக்கு அந்தக் கொள்கை பிடிக்கும். ஆனால் கராட்டில் எது பழசு? மரத்தகடுகளைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றித்தான் வந்திருக்கிறார்கள். தூம்பு எத்தனையோ தடவை மாறியிருக்கிறது. கல்லே தேய்ந்தால் வேறு கல். மாறாமல் இருந்தவை மூன்றுதான்: தண்ணீர் வரும் வழி, அரைக்கும் முறை, ஊருக்கும் ஆலைக்கும் உள்ள கணக்கு. பழமையின் உண்மைத்தன்மையைப் பொருளில் மட்டும் தேடாதீர்கள், பயன்பாட்டிலும் மரபிலும் நுட்பத்திலும் பாருங்கள் என்று 1994இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள் எழுதிவைத்தார்கள். அதன்படி பார்த்தால் இரும்புச் சக்கரத்தோடு மாவு அரைப்பது கராட்தான். செல்ஃபிக்காக நிமிர்ந்து சுற்றும் பொம்மைச் சக்கரம்தான் கராட் இல்லை.

சுற்றுலாவுக்கு நான் எதிரி இல்லை. ஔரங்காபாத்தில் (2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்) பன்சக்கி என்ற பழைய தண்ணீர் ஆலை இருக்கிறது. பாபா ஷா முசாஃபிர் தர்காவில் தங்கியவர்களுக்கு மாவு அரைக்கக் கட்டியது. இன்று ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். ஆனால் அங்கேயும் அதிசயம் சக்கரம் இல்லை. பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊற்றிலிருந்து மண் குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவந்தார்களே, அதுதான் அதிசயம். வருகிறவர்களுக்கு வாய்க்காலைக் காட்டுங்கள், கூடவே நடத்திக்கொண்டு போங்கள், அரைத்த மாவை விற்றுக் காசு வாங்குங்கள். சந்தோஷம்.

விற்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? மண்டுவா இருக்கிறது. என்னவோ புதுத் தானியம் என்று நினைத்தேன். ரொட்டியைப் பிட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. நம் கேழ்வரகுதான்! கட்வால் மலையில் படிப்படியாக விளைகிறது. டேராடூன் கடைகளில் அந்த மாவு பாக்கெட்டில் விற்கிறது. ஊர் மகளிர் குழு ஒன்று தானியமாகவே அதை வியாபாரிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மாவாக்கிக் கொடுத்தால் ஆலைக்கு வேலையும் கூடும், 2640 கொஞ்சம் பெரிதாகும். ஒருவரின் முழுநேரச் சம்பளமாக ஆகாது. நான்கு பெண்கள் முறைவைத்துப் பார்க்கும் பகுதிநேர வருமானமாக ஆகலாம். ஆலைக்காரர் என்றால் ஆண்தான் என்று எந்தக் கல்லிலும் கொத்தியிருக்கவில்லையே.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் நேர்மையானவன் இல்லை. எல்லா ஆலையையும் புதுப்பிக்க முடியாது, புதுப்பிக்கவும் கூடாது. இமயமலையில் வற்றாத ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வற்றிவிட்டன அல்லது பருவத்துக்கு மட்டும் வருபவையாகிவிட்டன என்று 2018இல் நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. அதே 2018இல் உத்தராகண்டின் இடப்பெயர்வு ஆணையம், 2011க்குப் பிறகு 734 கிராமங்கள் ஆளில்லாமல் காலியாகிவிட்டன என்றது. தண்ணீர் இல்லாத இடத்திலும் மனிதர் இல்லாத ஊரிலும் ஆலையை நிறுத்துவது வீண் செலவு. சுவர் இருந்தால்தான் சித்திரம். அங்கெல்லாம் கல்லைப் படமெடுத்து, அளவெடுத்து, கடைசி ஆலைக்காரரிடம் பேசிப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு மரியாதையாக விட்டுவிடலாம். 'வேண்டாம்' என்று முடியக்கூடிய திட்டம்தான் உண்மையான திட்டம். முன்பே 'செய்வோம்' என்று முடிவுசெய்துவிட்டுப் போடுவது திட்டம் இல்லை, மதிப்பீட்டுப் பட்டியல்.

எங்கள் ஆலை எந்தப் பக்கம்? நியாயமாகச் சொன்னால் கோட்டின் மேல் நிற்கிறது. 22 லிட்டர், 22 வீடு. இரண்டில் எது குறைந்தாலும் என் பதில் மாறிவிடும்.

ஜூன் முதல் வாரத்தில், மழைக்கு முன்னால், வாய்க்காலைச் சரிசெய்தார்கள். மூன்று நாள், பதினொரு பேர். கூடை சுமந்த வகையில் என் பங்கும் உண்டு, தோள்பட்டை இன்னும் சாட்சி சொல்கிறது. சாலை மண் உடைப்பைக் கல் அடுக்கிக் களிமண் பூசி அடைத்தோம். முடிந்ததும் அளந்தேன். 21 லிட்டர். என் கணக்கைவிட ஒன்று குறைவு. பெரியப்பா இலையையும் பார்க்கவில்லை, வாட்சையும் பார்க்கவில்லை. தூம்பின் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கல் சுத்தும், ஆனா முனகும்" என்றார்.

இரண்டு லட்சத்தில் இதுவரை செலவு முப்பதாயிரத்துச் சொச்சம். சக்கரம் இன்னும் போடவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. ஹோம்ஸ்டே அண்ணன் என்மேல் கோபமாக இருக்கிறார். முதலில் இரண்டு கோடை வாய்க்காலைக் காப்பாற்றிக் காட்டுவோம், ஊர் அதைத் தானாகப் பராமரிக்கிறதா என்று பார்ப்போம், அப்புறம் சக்கரத்துக்குக் காசு போடுவோம் என்பது என் வாதம். அதற்குள் பெரியப்பாவுக்கு வயது 73 ஆகிவிடும் என்பது நண்பனின் எதிர்வாதம். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் கல் கொத்தும் பாடத்தை மட்டும் இந்த வருடமே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். மகளிர் குழுவிலிருந்து இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நம்மில் பலர் ப்ராஜெக்ட், ஊர்ச்சேவை என்று எங்காவது போய்ப் பழைய குளத்தையோ கிணற்றையோ ஆலையையோ புதுப்பிக்கத் திட்டம் போடுவோம். போவதும் பெரும்பாலும் நல்ல பருவத்தில்தான், ஏனென்றால் அப்போதுதான் டூர் போல இருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள். அக்டோபரில் பார்த்ததை வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள். மே மாதத்தில் ஒரு தடவை போய் அளந்துவிட்டு வாருங்கள்.